அடுப்பைக் கேட்காமல் விதைத்தோம்: ஒரு பள்ளித் தோட்டத்தின் இரண்டு பருவங்கள்

முதல் அறுவடை நாளன்று 6.8 கிலோ பசலைக்கீரையைத் தூக்கிக்கொண்டு பதினோரு பிள்ளைகளும் நானும் பள்ளிச் சமையலறை வாசலில் போய் நின்றோம். மணி பத்தே முக்கால். பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே சமையல் முடிந்து அடுப்பை அணைத்திருந்தார்கள். சமையல்கார அக்கா கூடையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு டீச்சர். ஆனா இன்னிக்கு இதை எதுல போடுறது?"

என்னிடம் பதில் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை வேறு. குளிர்பெட்டியில் பாதிதான் கொண்டது. மீதியை ஆசிரியர்கள் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனோம். உள்ளே வைத்த பாதி, திங்களன்று பார்த்தால் அடியில் கொழகொழவென்று கிடந்தது. பிள்ளைகள் கண்ணில் படாமல் அதை மக்குக்குழியில் கொட்டினேன். 42 நாள் தண்ணீர் ஊற்றிய கீரை. பள்ளியில் 160 பேர். தலைக்கு 40 கிராம் என்று வைத்தால் 6.4 கிலோ. அதாவது எல்லோருக்கும் ஒரு வேளைக்குக் கணக்காகப் போதும். ஒரு பிள்ளையின் தட்டுக்கும் அது போகவில்லை.

விதை முளைக்கும், பிள்ளைகள் குதிப்பார்கள், நாம் படம் எடுப்போம். பள்ளித் தோட்டம் என்றால் இதுதான் எல்லோர் மனதிலும் வருவது. விளைந்தது அடுப்புக்குப் போகும் அந்த ஐம்பதடித் தூரத்தில்தான் நாங்கள் வழுக்கி விழுந்தோம். அந்தக் கதையை மட்டும் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மண்ணும் தண்ணீரும் எங்களைப் படுத்திய பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இடிபாட்டு மூலை

எங்களுக்குக் கொடுத்த இடம், பழைய கட்டடம் ஒன்றை இடித்து மேலே மண் தள்ளிவிட்ட மூலை. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் ணங் என்றது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1995-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற சமையல் கலைஞர் தொடங்கி வைத்த பள்ளித் தோட்டம்கூடத் தார் போட்ட இடத்தைப் பெயர்த்து உருவாக்கியதுதான் என்று படித்தது அப்போது ஆறுதலாக இருந்தது. (அங்கே தோட்டத்தோடு பிள்ளைகளுக்கான சமையலறை வகுப்பையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். அதை அப்போதே கவனித்திருந்தால் மேலே எழுதிய கீரைக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.)

மண்ணைப் பார்க்கப் பிள்ளைகளுடன் பாட்டில் சோதனை செய்தோம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்துவிட வேண்டியதுதான். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டலுக்கு ஓரிரண்டு மணி நேரம். களிமண் மறுநாள்தான் தெளியும், சில சமயம் அதற்கும் மேல். எங்கள் பாட்டிலில் மணல் பாதிக்கு மேல் இருந்தது, அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துண்டுகள். மண் பரிசோதனையில் பி.எச். (மண் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8.1 என்று வந்தபோது அந்த வெள்ளைத் துண்டுகளின் அர்த்தம் புரிந்தது. பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை முழுக்க மண்ணுக்குள் இருந்திருக்கிறது. இவ்வளவு காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது; இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

அதனால் 25 செ.மீ. ஆழத்துக்குக் கல்லையும் காரையையும் அள்ளிப் போட்டுவிட்டு, வெளி மண்ணும் மக்கு உரமும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டோம். பழைய பெயின்ட் அடித்த சுவரை ஒட்டிப் பாத்தி வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, உரிந்து விழுந்தால் அது மண்ணில்தான் தங்கும். மண் ஒட்டிய கையை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதில் சமரசம் கிடையாது.

80 சென்டிமீட்டர்

பாத்தி அகலம் 120 செ.மீ. என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நாங்களும் அப்படியே போட்டோம். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் 60 செ.மீ. எட்டும் என்பதுதான் கணக்கு. யாருடைய கை? பெரியவர்களுடைய கை! எட்டு வயதுப் பிள்ளைக்கு 40 செ.மீ. எட்டினால் பெரிது. நடுவில் இருக்கும் களையை எடுக்க ஒரு காலைப் பாத்திக்குள் ஊன்றினார்கள், சிலர் இரண்டு காலையும். பொலபொலவென்று தூக்கிவிட்ட மண் மூன்று வாரத்தில் நடுவில் மட்டும் திம்மென்று இறுகிவிட்டது. அந்த நடு வரிசைக் கீரை பக்கத்து வரிசையில் பாதி உயரம்தான் வந்தது. திட்டித் திட்டி அலுத்துப் போன பிறகுதான் தப்பு பிள்ளைகளிடம் இல்லை, அளவில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

இரண்டாம் பருவத்துக்கு எல்லாவற்றையும் பிரித்து 80 செ.மீ. அகலம், 3 மீட்டர் நீளம் என்று ஐந்து பாத்திகளாக மாற்றினோம். பாத்தி ஒன்று 2.4 சதுர மீட்டர், மொத்தம் 12 சதுர மீட்டர். அதன்பின் யாரும் பாத்திக்குள் கால் வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

கோப்பை வைத்து அளந்தது

சொட்டுநீர்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. 200 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மேடை கட்டி வைத்தோம். தண்ணீர் மட்டம் பாத்தியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அதிலிருந்து குழாய் இழுத்து, மணிக்கு 2 லிட்டர் கொடுக்கும் டிரிப்பர்களை, அதாவது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனைகளைப் பொருத்தினோம். கடையில் "எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சொட்டும்" என்று சொன்ன, அழுத்தத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் வகை. வால்வைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணீர் மாதிரி ஒரு துளி.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். ஒன்றரை மீட்டருக்குக் கிடைப்பது 0.15 பார். அந்த வகை டிரிப்பருக்குள் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்ய அரை பாராவது வேண்டும். மேடையை உயர்த்தலாமே என்று ஒருவர் சொன்னார். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ எடை. பிள்ளைகள் ஓடும் இடத்தில் அதைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க நான் தயாராக இல்லை. சவ்வில்லாத சாதாரண டிரிப்பருக்கு மாறினோம்.

மாறிய பிறகும் தொட்டிப் பக்கம் செடி செழிப்பு, கடைசிப் பாத்தி வாட்டம். அன்று ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். பன்னிரண்டு கோப்பைகளைக் குழாய் நெடுகப் பன்னிரண்டு டிரிப்பருக்கு அடியில் புதைத்து, சரியாகப் பத்து நிமிடம் வால்வைத் திறந்தோம். முதல் கோப்பையில் 125 மி.லி., கடைசிக் கோப்பையில் 48. ஆறால் பெருக்கினால் முதலாவது மணிக்கு 750 மி.லி., கடைசி 288. மணிக்கு 2 லிட்டர் என்று அட்டையில் போட்டிருந்தது ஒரு பார் அழுத்தத்துக்கு. இந்த வகை டிரிப்பரில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் தண்ணீர் வரும். 0.15-க்கு வர்க்கமூலம் சுமார் 0.39, அதை 2-ஆல் பெருக்கினால் 0.78 லிட்டர். முதல் கோப்பை கணக்குக்கு ஒத்து வந்தது. அப்படியானால் முன்பக்கம் எல்லாம் சரி, கடைசியில் ஏதோ அடைத்திருக்கிறது.

குழாயின் கடைசி மூடியைக் கழற்றினேன். பச்சையாக, சளி மாதிரி ஒன்று வழிந்தது. பிள்ளைகள் "ஐயே" என்று பின்வாங்கினார்கள். பாசி. தொட்டி வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தொட்டி. வெயிலும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் பாசிக்குக் கேட்கவா வேண்டும். வடிகட்டி வலையிலும் அதே பச்சைப் படலம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கருப்பு விரிப்பால் சுற்றிக் கட்டினோம். அடைத்த டிரிப்பர்களைப் பிடுங்கி ஊதிச் சுத்தம் செய்தோம். வெள்ளிதோறும் கடைசி மூடியைத் திறந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓட விடுவது ஒரு குழுவின் பொறுப்பானது. அடுத்த முறை அளந்தபோது கடைசிக் கோப்பையில் 118. ஒரு டிரிப்பருக்கு ஒரு லிட்டர் வேண்டுமென்றால் அரை மணி நேரம் திறந்தது போதாது, 80 நிமிடம் திறக்க வேண்டும் என்பதும் அந்தக் கோப்பைகள் சொன்னதுதான்.

பருவத்தின் நடுவில் ஒன்பது நாள் விடுமுறை. பள்ளித் தோட்டங்கள் செத்துப்போவது பூச்சியாலோ நோயாலோ அல்ல, பெரும்பாலும் இந்த மாதிரி விடுமுறைகளால்தான். பேட்டரியில் ஓடும் டைமர் வாங்கினால் போதும் என்று நினைத்தேன், அதிலும் ஒரு கண்ணி இருந்தது. பெரும்பாலான டைமர்களில் இருப்பது மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு. அது திறக்கவே ஓரளவு குழாய் அழுத்தம் வேண்டும், தொட்டித் தண்ணீருக்கு அது திறக்காது. பந்து வால்வைச் சிறு மோட்டார் திருப்பும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். தொட்டி இரண்டு நாளில் காலியாகிவிடும் என்பதால் மட்டம் இறங்கினால் தானே திறந்து நிரப்பும் ஒரு மிதவை வால்வையும் குழாய் இணைப்பில் வைத்தோம். பாத்திமேல் காய்ந்த இலையை 6 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிட்டுக் கதவைப் பூட்டினோம். திரும்பி வந்தபோது வெள்ளரி கொஞ்சம் கோபித்துக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் நலம்.

மக்கு உரம் பற்றிக் கொஞ்சம். காய்கறித் தோலை மட்டும் கொட்டியதில் குவியல் அழுகின முட்டை மாதிரி நாறியது. ஈரம் அதிகம், காற்று இல்லை என்று பொருள். ஒரு கூடைத் தோலுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலை என்று மாற்றிக் கிளறிவிட்டதும் நாற்றம் போய்விட்டது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நான்காம் நாள் உள்ளே 58 டிகிரி. தட்டில் மிஞ்சிய சமைத்த சோறு, குழம்பு எதையும் போட விடவில்லை, எலி வரும். பச்சைச் சாணத்தையும் பாத்தியில் சேர்ப்பதில்லை. மண்ணில் படும் காய்க்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. எங்கள் பருவமே 12 வாரம், அதாவது 84 நாள்.

அக்கா எழுதிய தாள்

இரண்டாம் பருவம் தொடங்கும் முன் விதைப் பொட்டலங்களைத் தொடவில்லை. ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அரை மணி நேரம் அக்கா பேசினார், நான் எழுதினேன். கீரை 6 கிலோ ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசி, நறுக்க இரண்டு பேருக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆகவே கீரை காலை ஏழரைக்குள் வர வேண்டும். பிள்ளைகள் வருவதே எட்டரைக்கு. 4 கிலோவுக்குக் குறைவாக எந்தக் காயும் வேண்டாம், 160 பேருக்குப் பங்கு வராது. திங்களன்று எதுவும் வேண்டாம், அன்றுதான் சாமான் வந்து இறங்கும்.

"எப்ப வரும், எவ்வளவு வரும். இந்த ரெண்டையும் ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுங்க டீச்சர். மீதியை நான் பார்த்துக்கறேன்."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். ஏழாம் வாரம் புதன்கிழமை 6 கிலோ முள்ளங்கி வேண்டும். சிறு ரகம், ஒன்று 25 கிராம் என்றால் 240 முள்ளங்கி. முளைக்காதது, புழு தின்றது என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 288. செடிக்குச் செடி 5 செ.மீ., வரிசைக்கு வரிசை 15 செ.மீ.; சதுர மீட்டருக்கு 133 செடி. 2.2 சதுர மீட்டர் வேண்டும், ஆக ஒரு பாத்தி முழுசாக முள்ளங்கிக்கு. விதைத்து 28 நாள் ஆகும், எனவே மூன்றாம் வாரம் புதனன்று விதைக்க வேண்டும். இத்தனையும் கரும்பலகையில் பிள்ளைகளே போட்ட கணக்கு. முதல் பருவத்தில் "ஒரு பாக்கெட் போடுவோம்" என்று தூவியவர்கள்தான் இவர்களும்.

கீரையைக் குறைத்தோம். கீரை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரே ஒருமுறை, முந்தின நாள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு அறுத்து, குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் 4.5 கிலோ வைத்தோம். மறுநாள் ஏழரைக்கு அக்கா கையில் அது விறைப்பாகவே இருந்தது. முள்ளங்கிக்கு அவ்வளவு பதற்றம் வேண்டாம், பிடுங்கியவுடன் இலையைக் கிள்ளிவிட்டால் போதும். இலையோடு வைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி வதக்கிவிடும். பீன்ஸ் ஒரே நாளில் 4 கிலோ தராது. இரண்டு பாத்தியில் தடவைக்கு ஒன்றரை கிலோ என்ற அளவில்தான் வந்தது. திங்கள், புதன் இரண்டு நாளும் பறித்துச் சேர்த்தாலும் மூன்று கிலோதான்; குறைவதற்குக் கேரட்டைச் சேர்த்து வியாழக்கிழமை போடலாம் என்று அக்காவே வழி சொன்னார். பறிக்காமல் வாரக் கடைசியைத் தாண்டவிட்டால் நார் ஏறிவிடும்.

அறுவடை நாளில் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது, கூடையைத் தரையில் வைக்காதது, சளியோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளைக்கு அன்று அறுவடை வேலை தராமல் எடை எழுதும் வேலை தருவது, இவை வழக்கமாகிவிட்டன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீன்ஸைச் செடியிலிருந்தே பறித்துப் பச்சையாகக் கடிக்கப் பிள்ளைகளை விடக் கூடாது. அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம் வயிற்றைக் கலக்கும். முற்றிக் காய்ந்த ராஜ்மா வகை விதைகளில் அது இன்னும் அதிகம், ஊறவைத்துப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதித்தால்தான் அழியும்.

கேரட் வந்த செவ்வாய்

12 சதுர மீட்டரிலிருந்து இரண்டாம் பருவம் முழுக்க வந்தது 31 கிலோ. 160 பேருக்கு நாளுக்குத் தலைக்கு 60 கிராம், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 12 வாரத்துக்கு 576 கிலோ காய்கறி வேண்டும். நூற்றில் ஐந்து பங்குதான் தோட்டம் தந்தது. இது தோல்வி இல்லை, அதன் அளவே அதுதான். தோட்டத்தை வைத்துப் பள்ளிக்கே சாப்பாடு போடலாம் என்று யாராவது சொன்னால் அவர் தராசைத் தொட்டதில்லை என்று அர்த்தம்.

எனவே மீதிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். வாரம் 12 கிலோ கேரட், செவ்வாய்க்கிழமை காலை. அவர் கேட்ட முதல் கேள்வி, "நான் விதைச்சப்புறம் வேண்டாம்னு சொல்லிட மாட்டீங்களே?" நியாயமான பயம். பிரேசில் 2009-இல் இதைச் சட்டமாகவே எழுதியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்றது அன்றைய அந்தச் சட்டம். வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தால்தான் ஒருவர் துணிந்து விதைப்பார். எங்களிடம் சட்டம் இல்லை, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அப்படியும் முதல் தொகை அவர் கைக்குப் போக ஆறு வாரமாகிவிட்டது. அந்த ஆறு வாரமும் அவர் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. இப்போது மாதக் கடைசிக்குள் கணக்கு முடிகிறது.

முதல் செவ்வாய் வந்த கேரட்டில் பாதி இரட்டைக் கால், சில விரல் பின்னியது போல. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அக்காவுக்குத் தலைவலி. ஐம்பது நிமிடத்தில் சீவ வேண்டிய 12 கிலோவுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. கல் கிடக்கும் மண்ணில் கேரட் அப்படித்தான் பிளக்கும், பெரியவரை நேராக்கித் தரச் சொல்ல முடியாது. ஆனால் இளசாகப் பிடுங்கித் தர முடியுமா என்று கேட்கலாமே. அடுத்த வாரத்திலிருந்து விரல் கனத்தில் வந்தது. தோல் மெல்லிசு, சீவவே வேண்டாம், பிரஷ் வைத்துத் தேய்த்தால் போதும். வேலை நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

சாப்பிட்டார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முள்ளங்கி பிடுங்கிய புதன்கிழமை, விதை போட்டதிலிருந்து களை எடுத்ததுவரை முன்னால் நின்ற ஒரு பையன், தட்டில் விழுந்த துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் காயைப் பிள்ளைகள் ஏற்கப் பத்துத் தடவைகூட ஆகலாம் என்பது பல ஆய்வுகளில் பார்த்ததுதான்; வற்புறுத்தினால் இன்னும் தள்ளிப்போகும். இரண்டாவது முள்ளங்கி நாளில் மெல்லிசாகச் சீவி உப்பு தூவிக் கொடுத்தபோது ஒரு துண்டை முன்பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "காரமா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். ஒரு கடி. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் பருவத்துக்கான தாள் நேற்று வந்தது. இந்தத் தடவை நான் கேட்கப் போகவில்லை, அக்காவே எழுதி ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஐந்தாம் வாரம் வெள்ளரி 5 கிலோ, எட்டாம் வாரம் பீன்ஸ், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "நாரில்லாமல்". கடைசி வரியில் வெள்ளிக்கிழமைக்கு நேராகக் கோடு போட்டு, அடியில் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறார்: "கீரை வேண்டவே வேண்டாம்."